மிக்-21 போயாச்சு... அந்த இடத்துக்கு?



1963-ல் வந்த மிக்-21 போர் விமானத்துக்கு, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை கொடுத்தாச்சு. 62 வருஷ உழைப்பு!

இப்போ கணக்கைப் பாருங்க. நம்ம விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டது 42 ஸ்குவாட்ரன். மிக்-21 போனதும் மிச்சம் 29.

2021-லேயே 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டாச்சு. மிக்-21 விடைபெற்ற நாள் வரை ஒன்றுகூடப் படைக்கு வந்து சேரல. முக்கியக் காரணம், அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய எஞ்சின் தாமதம். தேஜஸுக்காகவே 1980-களில் தொடங்கின நம்ம காவிரி எஞ்சின், இன்னும் அதுல ஏறல.

சூலூர் வானத்தில் தேஜஸைப் பார்த்துப் பெருமைப்படுங்க, கூடவே கேளுங்க: "நம்ம எஞ்சின் எப்போ?" இந்தத் தாமதத்துக்கு விலை கொடுக்கிறது, பழைய விமானத்தோட காக்பிட்ல உட்கார்ற நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான்.