கான் தண்ணீர் சொல்லும் சேதி
(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணியினருக்கான சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



லயத்துக்குப் பின்னால் ஓடும் கானைப் பற்றி நாம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். நாற்றம், நுளம்பு, உடைந்த மலசலகூடம். இன்று அதே கானைப் பற்றி வேறொரு விசயம் சொல்கிறேன். கழிவுநீரைச் சோதித்தால், ஊருக்குள் எந்த நோய் நுழைந்திருக்கிறது என்று முன்கூட்டியே அறியலாம்.

போலியோ என்கிற இளம்பிள்ளை வாதத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் கிருமி வாய் வழியாகப் போய், குடலில் பெருகி, மலத்தோடு வெளியே வருகிறது. தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். மற்றப் பிள்ளைகள் ஒன்றுமே தெரியாமல் ஓடி விளையாடும். ஆகவே ஒரு பிள்ளை முடங்கி ஆஸ்பத்திரிக்கு வரும் நேரம், கிருமி நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பரவியிருக்கும். கழிவுநீர் அதை மறைக்காது. யாரையும் வரிசையில் நிறுத்தாமல், யாருடைய பெயரையும் கேட்காமல், போத்தலில் கழிவுநீரை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம்.

2013இல் இஸ்ரேலின் தென்பகுதிக் கழிவுநீரில் போலியோக் கிருமி இருந்தது. ஒரு பிள்ளைகூட முடங்குவதற்கு முன் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2022இல் லண்டன் கழிவுநீரில் கண்டதும், 1 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு மேலதிகத் தடுப்பூசி போட்டார்கள். 2024 ஜூனில் காசாவில் எடுத்த கழிவுநீரிலும் கிருமி இருந்தது. அங்கே யுத்தம். தடுப்பு மருந்து கிடைக்காத 10 மாதக் குழந்தைக்குக் கால் முடங்கியது போலியோவால்தான் என்று ஆகஸ்டில் உறுதியானது. செப்டெம்பரில்தான் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. சேதி தெரிந்தால் மட்டும் போதாது தோழர்களே, அடுத்த வேலை உடனே நடக்க வேண்டும்.

இதில் நமக்கு என்ன? லண்டனில் வீட்டுக் கழிவு குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. நம்முடையது குழிக்கும் கானுக்கும் ஆற்றுக்கும் போகிறது. நகரத்துக் குழாயில் மட்டும் சோதித்தால் நமது லயங்கள் கணக்கில் வராது. ஆனால் குழாய் இல்லை என்பது சாட்டு அல்ல. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் திறந்த கான்களில் இருந்தே தண்ணீர் எடுத்துப் போலியோவைத் தேடியிருக்கிறார்கள்.

இன்னொன்று. கழிவுநீர் ஊரைக் காட்டும், ஆளைக் காட்டாது. அதை வைத்து ஒரு லயத்தைக் குற்றம் சொல்லவும், ஒதுக்கி வைக்கவும் நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993இல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்த தாய்மாரும், வீடு தேடி வந்த மருத்துவமாதுகளும் தேடித் தந்த வெற்றி அது. ஆனால் செங்கமாரியும் வாந்திபேதியும் இன்னும் அதே வழியில்தான் வருகின்றன: மலசலகூடத்திலிருந்து கானுக்கு, கானிலிருந்து பீலிக்கு, பீலியிலிருந்து பிள்ளையின் வாய்க்கு.

ஆகவே மூன்று கோரிக்கைகள். பீலித் தண்ணீரைச் சோதித்து, முடிவைத் தமிழில் கமிட்டிக்குத் தர வேண்டும். மலசலகூடமும் கானும் சம்பளத்தோடு சேர்த்துப் பேச்சுவார்த்தை மேசைக்கு வர வேண்டும். கிளினிக் நாளில் பிள்ளையைக் கொண்டுபோகும் தாய்க்கு அரைப்பேர் போடக் கூடாது, முழுப்பேர் போட வேண்டும்.

இந்த மூன்றையும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, கையெழுத்து வைத்து, தோட்ட நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கும் அனுப்புங்கள்.