லேசர் சிகிச்சைக்குப் பிந்திய மாதங்கள்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் கண் சிகிச்சைப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



கண்புரை அறுவைக்காகவும் ஏழைப் பிள்ளைகளின் கண்ணாடிக்காகவும் நீங்கள் அனுப்பும் காணிக்கைக்கு வருடந்தோறும் இந்த மேடையில் கணக்குச் சொல்லி வருகிறோம். இம்முறை சற்று வேறான ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. சென்ற கூடுகையில் உங்களில் ஒருவர் எழுந்து, "கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் செய்துகொள்ளும் லேசர் சிகிச்சை அழகுக்காகத்தானே? அதற்கு ஏன் தர்மப் பணம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் சிகிச்சைக்கு உங்கள் பணத்தில் ஒரு ரூபாயும் போகவில்லை. அந்த இயந்திரமே எங்களிடம் இல்லை. ஆனால் அதை வெளியூரில் செய்துகொண்டு, வாரங்களோ மாதங்களோ கழித்து எங்கள் வாசலுக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். செலவு அவர்களுக்குத்தான். ஏன் வருகிறார்கள் என்று சொல்லிவிடுகிறோம்.

லேசரின்மேல் எங்களுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அதன் வரலாற்றில் நம்மவர் ஒருவரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன், 1981-ல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டுகளின்மேல் எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியிருந்த தசை கருகவில்லை. ஒளி பட்ட இடம் மட்டும் சுத்தமாகச் செதுக்கப்பட்டிருந்தது. அந்த ஒளியைக் கொண்டே இன்று உலகெங்கும் கருவிழியின் வளைவைத் திருத்துகிறார்கள்.

லாசிக் என்கிற முறையில், அரை மில்லிமீட்டர் கனமே உள்ள கருவிழியின் மேலடுக்கில், பாலாடை போன்ற மெல்லிய ஏடு ஒன்றை வெட்டித் திறக்கிறார்கள். அடியில் லேசரைச் செலுத்திவிட்டு ஏட்டைத் திரும்ப மூடிவிடுகிறார்கள். தையல் கிடையாது. மேசையில் படுத்து எழுந்திருக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அன்று நாலைந்து மணி நேரம் மண் விழுந்தது போல எரிச்சல், கண்ணீர். தூங்கி எழுந்தால் மறுநாள் காலையில் எதிர்ச்சுவரில் தொங்கும் காலண்டரின் தேதி கண்ணாடியில்லாமல் தெரிகிறது. வீட்டில் ஒரே சந்தோஷம்.

சிக்கல் அந்தச் சந்தோஷத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. தெரிகிறது என்றால் ஆறிவிட்டது என்று எல்லாரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஏட்டின் விளிம்பு ஓரிரு நாளில் மேல்தோலால் மூடப்படுவது உண்மை. ஆனால் உள்ளே அந்த ஏடு பழைய உறுதியோடு ஒட்டுவதே இல்லை. முதல் வாரத்தில் தூக்கக் கலக்கத்தில் அழுத்திக் கசக்கினால் ஏடு நகர்ந்து மடிந்துபோகலாம். அதற்காகத்தான் இரவில் பிளாஸ்டிக் மூடியைக் கண்மேல் ஒட்டிக்கொண்டு படுக்கச் சொல்கிறார்கள். ஏடு வெட்டாமல் மேல்தோலை மட்டும் அகற்றிச் செய்யும் பி.ஆர்.கே. முறையில் ஏடு நகரும் பயம் இல்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் வலி கடுமையாக இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும்.

அச்சிட்ட அறிவுரைத் தாளில், தலைக்குக் குளிக்காதே, கண்ணைக் கசக்காதே என்று இருக்கிறது. நம் வீடுகளில் நடப்பது அந்தத் தாளில் இல்லை. விறகடுப்புப் புகை இல்லை. இடுப்பில் இருக்கும் குழந்தை முகத்தில் விரலை விடுவது இல்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து புழுதியில் முப்பது கிலோமீட்டர் வீடு திரும்புவது இல்லை. "எரிச்சலாக இருக்கிறதா, ரெண்டு சொட்டு தாய்ப்பால் விடு" என்று பாட்டி அன்போடு சொல்வதும் இல்லை. கிணற்றிலும் குளத்திலும் ஒரு மாதம் இறங்கவே கூடாது என்பதை எங்கள் சிஸ்டர்மார் வாயால் சொல்லிப் புரியவைக்கிறார்கள்.

அடுத்தது வறட்சி. ஏட்டை வெட்டும்போது கருவிழியின் நுண்ணிய உணர்ச்சி நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்கிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். அவை திரும்ப வளர மாதங்கள் ஆகும். அதுவரை கண்ணீர் சுரப்பு குறைகிறது, இமை கொட்டுவதும் குறைகிறது. பிற்பகலானால் எழுத்து மங்குகிறது. இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கெடுத்து, 2017-ல் வெளியான ஆய்வில், முன்பு பார்வைத் தொந்தரவு எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் இப்படி ஏதாவது ஒன்றைப் புதிதாகச் சொன்னார்கள். வறட்சி இல்லாதிருந்தவர்களில் 28 சதவீதம் வரை வறட்சியைச் சொன்னார்கள். அன்றாட வேலையே பாதிக்கும் அளவுக்குச் சிரமப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பெரும்பாலானோருக்குக் காலப்போக்கில் குறைந்துவிடுகிறது. ஆனால் இரவில் லாரி ஓட்டுகிறவருக்கு அந்த மூன்று மாதம் சின்னக் காரியம் அல்ல.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்பிள்ளை எங்களிடம் வந்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடியைக் குறை சொன்னதால், தாய்மாமன் வட்டிக்குக் கடன் வாங்கி நகரத்தில் ஒரு மையத்தில் லாசிக் செய்துவைத்தார். சிகிச்சை நன்றாகவே நடந்திருந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பத்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். பஞ்சுத் தூசியும் வறட்சியும் சேர்ந்து கண் சிவந்தது. மறுபடி காட்டப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பளமும் பேருந்துச் செலவும் போகும். பழைய சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டி அதே சொட்டு மருந்தை வாங்கினாள்.

"எத்தனை நாளாம்மா இதை விடுற?" என்று கேட்டோம்.

"ஏழு மாசமா, சிஸ்டர். சிவந்தா ரெண்டு சொட்டு விடுவேன், உடனே வெளுத்துரும். நல்ல மருந்து சிஸ்டர்."

நல்ல மருந்துதான், குறித்துக் கொடுத்த அந்த ஒரு வாரத்துக்கு. அது ஸ்டீராய்டு. வீக்கத்தை அடக்கும், மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தத்தை ஏற்றிவிடும். வலி இருக்காது, சிவப்பும் இருக்காது, பார்வை நரம்பு மட்டும் ஓசையில்லாமல் கரையும். அதோடு இன்னொரு கண்ணி: லேசரால் கருவிழி மெலிந்திருப்பதால், அழுத்தம் பார்க்கும் கருவி உண்மையைவிடக் குறைத்தே காட்டும். சிகிச்சைக்கு முந்திய அளவுத் தாள் கையில் இருந்தால் மருத்துவர் அதை மனதில் வைத்துப் பார்ப்பார். அவளிடம் தாள் இல்லை. லாசிக் செய்ததை அவளே சொன்னதால்தான் சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தோம். மருந்தை நிறுத்தி, அழுத்தம் குறைய வேறு சொட்டு கொடுத்ததில் வலது கண் தப்பியது. இடது கண்ணில் மூக்கோரமாகப் பார்வையின் ஒரு மூலை போய்விட்டது. அது திரும்பாது என்பதை அவளுடைய அம்மாவிடமும் மாமாவிடமும் உட்காரவைத்துச் சொன்னோம். மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகிறாள். மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தின்பேரில் ஆலையில் அவளைப் பஞ்சுப் பக்கத்திலிருந்து பேக்கிங் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். அவளுடைய பேருந்துச் செலவும், பாதுகாப்புச் சரக்குச் சேர்க்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் உங்கள் பணத்தில் போகிறது. கேள்வி கேட்ட ஐயா அவர்களுக்கு இதுவே எங்கள் கணக்கு.

உங்கள் சபை வாலிபர் கூட்டங்களில் இரண்டு காரியங்களை அறிவிப்பாகச் சொன்னால் உபகாரமாயிருக்கும். ரயில்வேயில் உதவி எஞ்சின் ஓட்டுநர் வேலைக்கு லாசிக் செய்தவர்களை எடுப்பதில்லை என்று ஆள்சேர்ப்பு அறிவிப்புகளிலேயே போட்டிருக்கிறது. அந்த வேலைக்கென்றே கடன் வாங்கி லேசர் செய்துகொண்டு நின்ற பையன்களைப் பார்த்திருக்கிறோம். ஆகவே எந்த வேலைக்கானாலும் அறிவிப்பை முதலில் வாசிக்கட்டும். அடுத்து, லேசர் செய்துகொண்டவர்கள் முந்திய அளவுகள் உள்ள தாளைப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருக்கட்டும். முதுமையில் கண்புரை எடுத்து உள்ளே லென்ஸ் வைக்கும்போது அதன் பவரைச் சரியாகக் கணக்கிடவும் அந்தத் தாள் உதவும். கிடைக்காதவர்கள் செய்த இடத்தில் கேட்டு நகல் வாங்கலாம்.

எங்களிடம் வருகிறவர்களுக்கு ஒரு சிறு துணிப்பை கொடுக்கிறோம். அதில் இரவுக்குக் கண் மூடி இரண்டு, ஒட்டும் டேப், தூசிக்கு ஒரு கண்ணாடி, கண்ணீர்ச் சொட்டுப் பெட்டி, எந்த மருந்தை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டை. பைகளைத் தைத்துத் தருவது உங்களில் சிலரின் பெண்கள் ஐக்கியந்தான். துணி இன்னும் கொஞ்சம் தேவைப்படுகிறது. அட்டையைப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சொட்டுப் புட்டியின் மூடியிலேயே சிவப்பு நூல் கட்டுகிறோம். சிவப்பு நூல் கட்டிய புட்டியை மறுபடி கடையில் வாங்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்புகிறோம்.