கூற்றும் கேட்போரும்: மேல்நிலை வகுப்பில் பிரித்தானியக் கவிதை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை பயின்ற மாணவர் ஒருவர் மேல்நிலை வகுப்பில் அடியெடுத்து வைக்கிறார். ஆங்கிலப் பாடநூலைப் புரட்டுகிறார். ஷேக்ஸ்பியர், வேர்ட்ஸ்வொர்த், டென்னிசன், பிரௌனிங் எனப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் படிப்பதற்கு முன்னரே அஞ்சும் வழக்கம் அவருக்குப் பிறர் சொல்லிப் பழகியிருக்கிறது. அவ்வகுப்பில் அவர் எதிர்கொள்ளவிருப்பது யாது, அதற்கு அவரிடம் உள்ள கருவி யாது என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

பாடநூல் தருவது

தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றது. அக்கல்வியில் ஆங்கிலம் மொழிப்பாடமாக இடம்பெற்றது. பிரித்தானிய இலக்கியம் அம்மொழிப்பாடத்தினுள் கவிதைகளாகவும் உரைநடைகளாகவும் வந்து சேர்கிறது. 2018இல் வெளிவந்த பதினோராம் வகுப்புப் பாடநூலில் வேர்ட்ஸ்வொர்த் இளவேனில் குறித்துப் பாடிய கவிதையும், ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்டு’ நாடகத்தில் அரசன் பேசும் பகுதியும் இடம்பெற்றன. 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் எட்வின் மியூர் எழுதிய ‘கோட்டை’, ஷேக்ஸ்பியரின் ஏழு பருவப் பேச்சு, டென்னிசனின் ‘யுலிசிஸ்’, பிரௌனிங் பாடிய பிரெஞ்சுப் பாசறை நிகழ்ச்சி ஆகியவை அமைந்தன. அதே நூலில் வங்கக் கவிஞர் தோரு தத்தின் சவுக்குமரக் கவிதையும், கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதை ஆங்கில வடிவிலும் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. மரக்காணம் கடற்கரைச் சவுக்குத் தோப்புகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தோரு தத்தின் மரம் அயலானதன்று.

இப்பாடங்களிலிருந்து தேர்வில் வினவப்பெறுவன சிலவே. இடஞ்சுட்டிப் பொருள் விளக்குதல், அணியைக் காட்டுதல், இயைபு முறையைக் கூறுதல், பத்தி அளவில் கருத்துரைத்தல் என்பன அவை. இவ்வளவுதான் என்று எண்ணும் மாணவர் ‘கைடு’ எனப்பெறும் துணைநூலை வாங்கிக் கவிதையை விட்டுவிடுகிறார். மதிப்பெண் வருகிறது, கவிதை வருவதில்லை. அந்த மாணவரே பின்னர் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உள்ள அரசு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில விழையும்போது, சாசர் முதல் எலியட் வரையான நெடும்பரப்பின் முன் வெறுங்கையராய் நிற்க நேர்கிறது.

அச்சத்தின் வரலாறு

இந்த அச்சத்திற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1835இல் மெக்காலே எழுதிய குறிப்புக்குப் பின் ஆங்கில நூல்கள் இந்தியக் கல்வியில் ஊன்றின. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்திற்கெனத் தனிப் படிப்பு அமைந்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில்தான். இந்தியாவில் இவ்விலக்கியப் பாடம் ஆட்சியின் தேவையோடு பிணைந்து வளர்ந்ததைக் கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட ஆய்வுநூலில் விரிவாக நிறுவியுள்ளார். மேலிருந்து இறங்கிய பாடமாதலின், அண்ணாந்து பார்க்கும் பழக்கமும் அதனுடன் வந்தது.

ஆயினும் தமிழ்ப் படைப்பாளர் அதனை அண்ணாந்து மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பாரதியார் ஷெல்லியிடம் கொண்ட ஈடுபாட்டால் ‘ஷெல்லிதாசன்’ என்னும் புனைபெயரில் எழுதினார். வ.வே.சு. ஐயர் கம்பனை மில்டன் முதலிய மேலைக் காப்பியப் புலவரோடு வைத்து ஆராய்ந்தார். பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தமிழ் மேடையில் நடக்கவிட்டார். இம்மூவரும் அந்நூல்களைத் தம் மொழியின் வலிமையோடு அணுகினர். மேல்நிலை மாணவருக்கும் அவ்வழி அடைபட்டதன்று.

தொல்காப்பியர் தரும் கருவி

மாணவரிடம் உள்ள கருவி தமிழ் வகுப்பிலேயே கிடைத்திருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரியனவாக முப்பத்து நான்கு உறுப்புகளை எண்ணுகிறது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் என்பன அடங்கும். பேசுபவர் யார், கேட்பவர் யார், எவ்விடம், எப்பொழுது, எதற்காக என்பன முதல் ஐந்தும் எழுப்பும் வினாக்கள். இன்னார் இன்னார்க்கு இச்சொல்லைச் சொன்னார் என்பதைச் செய்யுளே உணர்த்தி நிற்பது முன்னம். ‘தலைவி தோழிக்குக் கூறியது’ என்னும் குறிப்பைக் குறுந்தொகைப் பாடலின் அருகே பார்த்துப் பழகிய மாணவர் இவ்வினாக்களை அறியாதவர் அல்லர். ஆங்கில வகுப்பில் அவற்றைக் கேட்கலாம் என்பதை மட்டுமே அறியாதவர்.

‘யுலிசிஸ்’ கவிதையை எடுத்துக்கொள்க. 1833இல் உயிர் நண்பர் ஆர்தர் ஹாலம் மறைந்த துயரில் டென்னிசன் இதனை எழுதினார், 1842இல் அச்சேறியது. எழுபது அடிகளும் ஒரே கூற்று. கிரேக்க நாட்டு முதிய அரசன் பேசுகிறான். கேட்போர் மாறிக்கொண்டே வருகின்றனர். முதலில் அவன் தனக்குத்தானே புலம்புகிறான். அடுத்து மகன் டெலிமாக்கசைச் சுட்டி யாருக்கோ அறிமுகப்படுத்துகிறான். இறுதியில் பழைய கடற்றோழர்களை விளித்துப் பேசுகிறான். களன் அடுப்பங்கரையின் சோர்விலிருந்து துறைமுகத்திற்கு நகர்கிறது. காலம் மாலையாகி நிலவு எழுகிறது. கேட்போர் மாறும்தோறும் குரலும் மாறுவதை மாணவர் கண்டுகொண்டால், ‘முயற்சியின் பெருமையைக் கூறும் கவிதை’ என்னும் துணைநூலின் ஒற்றை வரி போதாது என்பது தானே விளங்கும். நாட்டை மகனிடம் விட்டுக் கடலேகும் அரசன் வீரனா, கடமை துறந்தவனா என்னும் வினா அவர் உள்ளத்தில் எழும். அவ்வினா எழுவதே இலக்கியக் கல்வி.

ஏழு பருவப் பேச்சும் அத்தகையதே. ‘விரும்பிய விதமே’ என்று பம்மலார் தமிழாக்கிய நாடகத்தின் இரண்டாம் அங்கம், ஏழாம் காட்சியில் அது வருகிறது. கூற்றுக்குரியவன் ஜாக்விஸ், எதிலும் கசப்பே காணும் இயல்பினன். முதுமையைப் பல்லும் கண்ணும் சுவையும் அற்ற வெறுமையாகக் காட்டி அவன் முடிக்கிறான். பாடநூல் அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. நாடகமோ நிற்பதில்லை. அவன் சொல்லி முடித்தவுடன், பசியால் தளர்ந்த ஆதாம் என்னும் கிழவனைத் தாங்கிக்கொண்டு ஆர்லாண்டோ மேடைக்குள் வருகிறான். முதுமைக்கு அன்பும் நன்றியும் எஞ்சும் என்பதை ஷேக்ஸ்பியர் ஒரு வருகையாலேயே காட்டிவிடுகிறார். ஜாக்விஸின் கருத்தை ஷேக்ஸ்பியரின் கருத்தாகவே எழுதும் மாணவர் கூற்றைக் கவனியாதவர். ஒப்புமைக்கும் இங்கே இடமுண்டு. பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக உலா இலக்கியம் காட்டும் ஏழு பருவங்களும் மகளிர்க்குரியன. ஜாக்விஸ் காட்டும் ஏழும் ஆடவர்க்குரியன. கழிந்த இளமையை நினைந்து இரங்கிய தொடித்தலை விழுத்தண்டினாரின் புறப்பாட்டையும் உடன்வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரின் நினைவில் நீங்காது நிற்பார்.

பிரௌனிங்கின் கவிதை 1809இல் ரேட்டிஸ்பன் நகரை நெப்போலியன் படை தாக்கியபோது நிகழ்ந்ததாகச் சொல்லப்பெறுவது. வெற்றிச் செய்தியைக் கொணர்ந்த சிறுவன், தன் மார்பு பிளந்திருப்பதை மறைத்துக்கொண்டு குதிரையில் வந்து, புன்னகையோடு அரசன் காலடியில் வீழ்கிறான். ஒரே மகனையும் போருக்கு விடுத்த தாயைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியாரைக் கற்ற பிள்ளை இதனை எளிதில் உணர்வார். எனினும் வேறுபாட்டையும் அவர் காண வேண்டும். மாசாத்தியார் பாட்டில் தாயின் துணிவு முன்நிற்கிறது. பிரௌனிங் பாட்டில் தொலைவிலிருந்து பார்த்த படைவீரன் ஒருவன் பேசுகிறான். அரசனின் எண்ணமெல்லாம் அடுத்த திட்டத்தில் பறக்கிறது.

மியூரின் ‘கோட்டை’யைக் கற்பிக்க இம்மாவட்டத்தைவிடச் சிறந்த களம் வேறில்லை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சிக் கோட்டை நிற்கிறது. 2025இல் மராட்டியக் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக அது உலக மரபுச் சின்னப் பட்டியலிலும் சேர்ந்தது. மொகலாயப் படை 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. மியூரின் கோட்டையோ போரின்றி வீழ்கிறது. பகைவர் பொன் கொடுத்தனர்; காவலன் சிறுவாயிலைத் திறந்தான். கதையைச் சொல்பவன் அக்கோட்டை வீரருள் ஒருவன். தம்மால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று சாதிக்கிறான். கோட்டையின் உச்சியில் நின்று வைக்கோல் அறுப்பாரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோர் சொல்லும் சமாதானத்தை அப்படியே ஏற்கலாமா? செஞ்சியின் மதிலும் களஞ்சியமும் பார்த்த பிள்ளை இவ்வினாவைக் கேட்பதற்குத் தகுதியுடையவர்.

எல்லையும் எச்சரிக்கையும்

இவ்வொப்புமைகளால், எல்லாம் இங்கே முன்னரே உண்டு என்னும் பெருமித முடிவுக்கு வருதல் ஆகாது. அம்முடிவும் படிக்காமலிருக்க ஒரு சாக்கே. அகப்பாடலின் தலைவனுக்குப் பெயர் இல்லை. யுலிசிஸுக்குப் பெயரும் ஹோமர் தந்த கதையும், இறுதிப் பயணத்தைப் பாடிய தாந்தேயின் நிழலும் உண்டு. கிரேக்கக் கதைகளையும் விவிலியக் கதைகளையும் மாணவர் அறிந்தாக வேண்டும். ஆங்கில யாப்பு அசையின் நெடுமை குறுமையால் இயங்குவதன்று, அழுத்தத்தால் இயங்குவது. ஓரடியில் ஐந்து அழுத்தம் கொண்டு, இயைபின்றி நடக்கும் ஷேக்ஸ்பியரின் அடியை உரக்கப் படித்துக் காதால் அறிதலன்றி வேறு வழியில்லை. வேர்ட்ஸ்வொர்த்தின் பிரிம்ரோஸ் மலரை இப்பகுதியில் எவரும் பார்த்திலர். ஆனால் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கும் குறிஞ்சிப்பாட்டின் மரபில் வந்தவருக்கும், கழுவெளி ஏரிக்கு வரும் பறவைகளைக் கண்டவருக்கும், இயற்கை மகிழ மனிதன் மனிதனுக்குச் செய்த தீங்கை எண்ணி வருந்தும் அக்கவிஞரின் உள்ளம் விளங்கும்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

வகுப்பாசிரியர்க்கு உள்ள நேரம் குறைவு. பாடப்பகுதியை முடிக்கும் கடமை பெரிது. கூற்றை மாற்றிக் குரல் கொடுத்துப் படித்துக் காட்டவும், ஒரு சொல்லுக்கு நான்கு தமிழ்ச் சொல்லை நிறுத்துப் பார்க்கவும் அவர்க்கு இயல்வதில்லை. அதனைக் கவிஞர் செய்யக்கூடும். கவிதை வாசிப்பதையே பணியாகக் கொண்ட இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் மாதந்தோறும் ஒரு மாலையை மேல்நிலை மாணவர்க்கு ஒதுக்குமாயின் பெரும்பயன் விளையும். ஒரு மாதம் விழுப்புரத்திலும் மறுமாதம் திண்டிவனத்திலும் கூடலாம். முதலில் கவிதையை ஆங்கிலத்தில் இருமுறை உரக்கப் படித்தல். பின் யார், யாரிடம், எங்கு, எப்பொழுது, எதற்கு என்று வினவுதல். அதன்பின் அடுத்துவைக்கத்தக்க தமிழ்ப் பாடலைப் படித்தல். முடிவில் கவிஞரும் மாணவரும் தனித்தனியே மொழிபெயர்த்து ஒப்பிடுதல். இதற்குச் செலவில்லை, அன்று மட்டும் துணைநூல் உள்ளே வரக்கூடாது என்னும் ஒரே விதி போதும்.

பத்தாண்டுகளாகக் கவிதையைக் கேட்கும் செவிகளை வளர்த்த வட்டம் இது. பிறமொழிக் கவிஞனின் குரலை அஞ்சாமல் கேட்கும் செவி, தன் மொழிக் கவிஞனின் குரலையும் புதிதாகக் கேட்கும். ‘யுலிசிஸ்’ படித்த மாணவர் மீண்டும் குறுந்தொகைக்கு வருங்கால், அங்கே பேசுபவரைக் காட்டிலும் பேசாமல் கேட்டிருப்பவரை உற்றுநோக்குவார். அம்மாணவரே நாளை இவ்வட்டத்தின் உறுப்பினர்.