உலையின் மூச்சு

நாம் அடுப்பைச் சமையலறையில் வைத்துப் பழகியவர்கள். குளிர் நாட்டவர்க்கோ வீடு முழுவதையும் சூடாக்கும் பேருலை ஒன்று வீட்டின் அடியில், நிலவறையில் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் இன்றும் பல வீடுகள் எண்ணெயை எரித்தே சூடு பெறுகின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அத்தகைய பழைய வீடொன்றில் நான் ஒரு குளிர்காலம் குடியிருந்தேன். அந்த உலை எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் உலையின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். நிலவறையின் மூலையில் 275 காலன் கொள்ளும் எண்ணெய்த் தொட்டி. அதிலிருந்து வரும் எண்ணெயைப் பம்பு ஒன்று சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில், ஊசித்துளை போன்ற முனை வழியாகப் பனித்தூவல்போல் சீறச் செய்கிறது. மின்பொறி அதைப் பற்றவைக்கிறது. சிறு விசிறி காற்றூட்டுகிறது. ஒரு கிலோ எண்ணெய் முழுமையாக எரிய ஏறத்தாழ 14 கிலோ காற்று வேண்டும். ஆகவே உலை தின்பது எண்ணெயைவிடக் காற்றையே மிகுதி எனலாம்.

எரிந்த புகையை மேலே இழுத்துச் செல்வது எது? புகைபோக்கிதான். உறைநிலையிலுள்ள காற்று ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.3 கிலோ எடையுள்ளது; 200 பாகை சென்டிகிரேடில் அதே அளவு காற்று முக்கால் கிலோவே இருக்கும். எடை குறைந்த சூடான புகை மேலெழ, அதன் பின்னே புதிய காற்று உலைக்குள் ஈர்க்கப்படுகிறது. இதனையே இழுவை என்கிறோம். நெருப்பின்மேல் இருக்கவேண்டிய இழுவை அரை மில்லிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தம் மட்டுமே. இத்துணைச் சிறிய விசையை நம்பியே அவ்வீட்டில் உள்ளோர் உறங்குகின்றனர்.

காற்று பலமாக வீசும் இரவுகளில் இழுவை வரம்பு மீறும். அதைத் தணிக்கப் புகைக்குழாயில் எதிரெடை கட்டிய வட்டத் தகடு ஒன்று ஊசலாடிக்கொண்டிருக்கும். இழுவை மிகுந்தால் அது உள்நோக்கித் திறந்து, நிலவறைக் காற்றைப் புகைபோக்கிக்குள் விடும், குறைந்தால் மூடிக்கொள்ளும்.

அந்தத் தகடுதான் எனக்குப் பகையாயிற்று. நள்ளிரவில் யாரோ தகரத்தைத் தட்டுவதுபோல் 'டங், டங்' என்று ஒலிக்கும். உறக்கம் கெட்டது. இதற்கிடையில், குளிர் புகாதிருக்கவும் எண்ணெய்ச் செலவு குறையவும் வேண்டி, நிலவறைச் சன்னல்களின் இடுக்குகளையெல்லாம் துணியாலும் பசைத்தாளாலும் அடைத்தேன். என்ன வியப்பு! தகட்டின் ஓசை நின்றுவிட்டது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று மகிழ்ந்தேன்.

சில நாட்களில் வேறோர் ஒலி தொடங்கியது. உலை எரியும்போதெல்லாம் தொலைவில் பாரவண்டி போவதுபோல் அடித்தொண்டை உறுமல். அது உறக்கத்தைக் கெடுக்கவில்லை, ஆதலால் பொருட்படுத்தவில்லை. காலையில் எழுந்தால் தலைவலி; வெளியே நடந்துவிட்டு வந்தால் மறையும்; வீட்டுக்குள் சிறிது நேரம் இருந்தால் மீண்டும் வரும். குளிரின் கோளாறு என்றே எண்ணினேன். நச்சுவாயுவை அறிவிக்கும் கருவி சுவரில் இருந்தது. அதன் மின்கலம் தீர்ந்துபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஆண்டுக்கொருமுறை உலையைத் துப்புரவு செய்யும் முதியவர் வந்தார். இயந்திரத்தைத் தொடுமுன் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அண்மையில் இந்த வீட்டில் எதை மாற்றினீர்கள்?" நான் அடைத்த சன்னல்களைப் பெருமையோடு காட்டினேன். அவர் முகம் மாறியது. சமையலறையின் புகைவிசிறியையும் துணி உலர்த்தும் பொறியையும் ஓடவிட்டு, புகைக்குழாயில் அளவைக்கருவியைச் செருகினார். முள் அசையவில்லை. பிறகு ஒரு சன்னலை மட்டும் திறந்தார். முள் ஏறியது, உறுமல் ஓய்ந்தது, தகடு 'டங்' என்று ஒலித்தது. அவ்வொலி அன்று எனக்கு மங்கல மணியாகவே கேட்டது.

நடந்தது இதுதான். விசிறிகள் வீட்டுக் காற்றை வெளியே தள்ளின. புதுக்காற்று வர வழியில்லை. புகைபோக்கியின் இழுவை தோற்று, புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியது. காற்றுப் போதாத சுடர் நிலைகுலைந்து துடித்தது. வெப்பம் துடிப்போடு இசைந்து சேர்ந்தால் ஓசை வலுக்கும் என்பதை ராலே பிரபு 1878-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். அரைகுறையாக எரிந்த எண்ணெய் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கியது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணையும். என் தலைவலியின் காரணம் அதுவே.

முதியவர் உலையிலிருந்த கரியை நீக்கி, முனையை மாற்றி, வெளிக்காற்றை நேரே எரிப்பானுக்குக் கொணரும் குழாய் ஒன்றை அமைத்தார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: உலை பற்றாமல் நின்றால் மீட்டியக்கும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தலாகாது. ஒவ்வொரு முறையும் எரியாத எண்ணெய் உள்ளே தேங்கும். பின்னர் ஒருமிக்கப் பற்றி வெடித்து, வீடெங்கும் கரியை வாரியிறைக்கும்.

இக்கதை நமக்கு எதற்கு என்று நேயர்கள் எண்ணலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கஞ்சிக் கதவடைத்துக் கரியடுப்பருகே உறங்குவோர்க்கும், காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு வெந்நீர்ப் பொறியை வைத்திருப்போர்க்கும் இதே பகைவன்தான். நெருப்பு எங்கிருந்தாலும் அதற்கு மூச்சு வேண்டும். அதன் மூச்சை நாம் அடைத்தால், அது நம் மூச்சை அடைக்கும்.

என் உறக்கத்தைக் கெடுத்த ஓசையே என்னைக் காத்துவந்த ஓசை. அது நின்ற அன்று நான் மகிழ்ந்தேன், அஞ்சியிருக்க வேண்டும்.