முதுசத்துள் முதன்மையானது மண்

(வலிகாமத்துக் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



யான் சட்டம் பயின்றவன். காணி உறுதிகளைப் படித்தே காலம் கழித்தவன். உறுதியிலே நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். இத்தனை பரப்பென்று அளவும் இருக்கும். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையுங்கூட விடுபடா. ஆனால், மேல்மண் எத்தனை அடி ஆழமென்று எழுதிய உறுதி ஒன்றையேனும் யான் கண்டதில்லை. நமக்குச் சோறிடுவது அந்த மண்ணன்றோ?

நமது செம்மண், சுண்ணாம்புக் கல்லின்மேல் விரித்த போர்வை போன்றது. பல இடங்களிற் சில அடி தோண்டினாலே கல் தட்டுப்படும். வற்றாத ஆறில்லாத இம்மண்ணை வளமாக்கியவை நம் முன்னோரின் கைகளே. பனையோலையைத் தாழ்த்தார்கள், காவிளாயும் பூவரசங்குழையும் புதைத்தார்கள், ஆட்டுப்பட்டி அடைத்து எருவூட்டினார்கள்.

நாம் செய்வதென்ன? வளவுகளை மேடாக்கவெனத் தோட்டத்துச் செம்மண்ணை லொறியில் ஏற்றி விற்கின்றோம். காற்றைத் தடுத்த உயிர்வேலியை வெட்டி மதில் எழுப்புகின்றோம். ஒரு முழ எல்லைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடும் நாம், மண்ணே படலையால் வெளியேறும்போது வாய் திறப்பதில்லை!

சட்டம் இல்லாமலில்லை. மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது; 1996இல் திருத்தவும்பட்டது. எனினும் ஏட்டிலுள்ள சட்டம் வயலில் வரம்பு கட்டாது.

2021 மே மாதத்திலே அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டும், 2022இல் அரிசிக்குப் பிறநாடுகளை நாட நேர்ந்தது. வர்த்தமானி அறிவித்தலால் உரத்தை நிறுத்தலாம். மண்ணின் வளத்தைப் பெருக்க முடியுமா? அது பல்லாண்டு உழைப்பின் பயனல்லவா?

ஆகவே, நான் வேண்டுவன மூன்று. தோட்டத்து மேல்மண்ணை விற்பதில்லையென ஒவ்வோர் ஊரும் முடிவு செய்யட்டும். வேலிதோறும் குழைமரம் நாட்டப்படட்டும். இருக்கின்ற சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு அதிகாரிகளிடம் நாம் ஒன்றுபட்டுக் கேட்போம்.

பெற்றோர்வழி வந்த சொத்தை முதுசமென்கிறது நம் தேசவழமை. அதனுள் முதன்மையானது இம்மண். பிள்ளைகளுக்கு உறுதியைக் கொடுத்து மண்ணைக் கொடாது போனோர் என்னும் பழி நமக்கு வேண்டா.