பதிவேட்டின் இரண்டாம் பகுதி: இந்தியாவில் புவிசார் குறியீட்டுப் பதிவு



வளரும் நாடுகளில் அறிவுசார் சொத்துரிமையைப் பதிவுசெய்யும் முறை இக்கருத்தரங்கின் ஆய்வுப்பொருள். அறிவுசார் சொத்து கையால் தொட முடியாத உடைமை. ஒரு கண்டுபிடிப்பையோ பெயரையோ வடிவத்தையோ படைப்பையோ இன்னார் மட்டுமே பயன்படுத்தலாம், பிறர் பயன்படுத்தினால் தடுக்கலாம் என்று சட்டம் வழங்கும் உரிமையே அது. வீட்டுமனைக்கு நான்கெல்லை உண்டு, கல் நடலாம், பட்டா வாங்கலாம். இவ்வுடைமைக்குக் கல் நட வழியில்லாததால் அதன் எல்லையை எழுத்தில்தான் வரைய வேண்டியிருக்கிறது. பதிவு என்பதன் சாரம் இந்த எழுத்துவேலையே என்பதும், அதை யார் எழுதுகிறார், யாருடைய பெயர் அதில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தே பதிவின் பயன் அமைகிறது என்பதும் இவ்வுரை முன்வைக்கும் கருத்து. அதற்குச் சான்றாக இந்தியாவின் புவிசார் குறியீட்டுப் பதிவு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. நாடு முழுவதற்குமான அப்பதிவகம் சென்னைக் கிண்டியில் இயங்குவதால், டார்ஜிலிங் தேயிலை முதல் காஞ்சிபுரம் பட்டு வரை எல்லா விண்ணப்பங்களும் வந்து சேரும் இடம் அதுவே.

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்வி எழுகிறது. எழுத்து, இசை, ஓவியம் போன்றவற்றுக்கான பதிப்புரிமை படைத்த கணத்திலேயே பிறந்துவிடுவதால், 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதைப் பதிவுசெய்வது சான்றுக்காக மட்டுமே. கடையின், நிறுவனத்தின் பெயருக்கும் முத்திரைக்கும் உரியது வணிகச் சின்னம்; தனிநபரும் சிறு நிறுவனமும் ஒரு வகைச் சரக்குக்கு 4,500 ரூபாய் செலுத்தி இணையவழி விண்ணப்பிக்கலாம், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். புதிய கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டு உரிமை தருவது காப்புரிமை. கல்வி நிறுவனங்களும் தனிநபர்களும் 1,600 ரூபாய்க் கட்டணத்தில் தற்காலிக விவரணத்தோடு விண்ணப்பித்து, 12 மாதங்களுக்குள் முழு விவரணத்தைத் தரலாம். ஆனால் விண்ணப்பித்தால் மட்டும் ஆய்வு தொடங்கிவிடாது, ஆய்வு கோரித் தனியே மனு அளிக்க வேண்டும், 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 31 மாதங்களுக்குள் அம்மனு வராவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். இத்தகைய அவைகளில் கட்டுரை படிப்போர் அறிந்திருக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. கற்றோர் சங்கத்தில் படித்த கட்டுரைக்கு இந்தியச் சட்டம் 12 மாதச் சலுகை தருகிறது என்றாலும் ஐரோப்பா போன்ற இடங்களில் அச்சலுகை செல்லாது. அங்கே மேடையில் சொன்ன கண்டுபிடிப்பு ஊரறிந்த கண்டுபிடிப்பாகிவிடும்.

பரம்பரைத் தொழிலறிவுக்கு இக்கதவுகளில் எதுவும் சரியாகத் திறப்பதில்லை. காயத்துக்கு மஞ்சள் தூள் இடும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை அளிக்கப்பட்டபோது, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றுகாட்டி வாதாடி, 1997இல் அதை நீக்கச் செய்தது. மஞ்சளின் பழமையே அயலாரின் உரிமையை உடைத்தது. அதே பழமைதான் உள்ளூராருக்கும் காப்புரிமை கிடைக்காமல் செய்கிறது. புதியது அல்லாத, ஒருவருக்கு உரியதும் அல்லாத, ஆனால் ஓர் ஊருக்கு உரிய அறிவைக் காக்கும் வழியாகவே புவிசார் குறியீடு அமைகிறது. ஒரு பொருளின் தரமோ புகழோ வேறொரு சிறப்போ அது பிறந்த நிலத்தின் மண், நீர், காலநிலை ஆகியவற்றாலும் அங்குள்ள மனிதரின் கைத்திறனாலும் வருவது எனில், அவ்வூர்ப் பெயரை அப்பொருளுக்குப் பிறர் இடாமல் தடுக்கும் கூட்டுரிமை அது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை, சொந்த நாட்டில் காப்புப் பெறாத குறியீட்டைப் பிற நாடுகள் காக்க வேண்டியதில்லை என்று கூறிவிட்ட நிலையில், இந்தியா 1999இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைப்படுத்தியது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை.

தனியொருவர் தமக்கென இவ்வுரிமையைக் கோர முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ, அவர்கள் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்போ, சட்டத்தால் நிறுவப்பட்ட அதிகார அமைப்போ விண்ணப்பிக்க வேண்டும். பொருளின் வருணனை, விளையும் அல்லது செய்யப்படும் எல்லையின் வரைபடம், தோற்றத்துக்கான வரலாற்றுச் சான்று, செய்முறை, தனித்தன்மை, தரத்தைச் சோதிக்கும் அமைப்பின் விவரம் ஆகியவை விண்ணப்பத்தில் இடம்பெறும். பட்டியலாகப் படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குரிய உழைப்பைக் கேட்பது.

வருணனையை மட்டும் எடுத்துக்கொண்டால், காஞ்சிபுரத்துக் குழித்தறியில் நெய்யப்படும் கோர்வைச் சேலை நல்ல எடுத்துக்காட்டாகும். உடலுக்கு ஒரு நிறமும் இருபுறக் கரைக்கு வேறொரு நிறமும் வரவேண்டும் என்பதால் அங்கே மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. நெசவாளர் ஒருவரால் மூன்றையும் தள்ள இயலாது என்பதால் பக்கத்தில் உதவியாள் ஒருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ள, ஒவ்வோர் ஊடையிலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகின்றன. சேலையைப் புரட்டி, கரை சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் அந்தக் கோப்பு தட்டுப்படும். முந்தியின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவோடு புதிய பாவை இழையிழையாகச் சேர்க்கும் பெட்னி முறை இதனினும் நுட்பமானது. விரலுக்குத் தெரியும் இச்செய்தியை, தறியையே பார்த்திராத ஆய்வு அதிகாரி படித்துப் புரிந்துகொள்ளும்படியும், விசைத்தறிப் போலிக்குப் பொருந்தாதபடியும், உண்மை நெசவாளர் எவரையும் வெளியே தள்ளாதபடியும் எழுத வேண்டும். வருணனை தளர்ந்தால் போலி உள்ளே நுழையும். இறுகினால் எளிய விலைச் சேலை நெய்பவர் தம் ஊர்ப் பெயரை இழப்பார். பதிவின் முழுச் சிக்கலும் இந்த இரண்டு வரிகளுக்கு இடையில் இருக்கிறது.

இதை எழுதும் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விதிகளின்படி ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் தலைநகரில் அமர்ந்திருக்கும் பதிவகத்தில், பாவு, ஊடை, கோர்வை, பெட்னி என்ற சொற்களோடு வாழும் நெசவாளர் தம் தொழிலைத் தம் சொல்லில் விவரித்து நேரே அளிக்க இயலாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரோ வழக்கறிஞரோ அரசு அலுவலரோ வந்தாக வேண்டும். வரலாற்றுச் சான்றிலும் இதே நிலை. கைத்தொழிலாளரிடம் ஏடு இல்லை, கைதான் இருக்கிறது; ஆகவே ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கெசட்டியர்களும் ஆய்வறிக்கைகளும் தேடப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாகச் செய்தவரின் வாய்மொழியைவிட, குதிரையில் வந்து ஒருநாள் பார்த்துப்போன அதிகாரியின் குறிப்புக்கு மதிப்பு மிகுதி என்பது வேடிக்கைதான். எனினும் இப்போதைக்கு அதுவே நடைமுறை, வாய்மொழி வரலாற்றை முறையாகப் பதிவுசெய்யும் ஆய்வாளர்களே இதை மாற்ற முடியும்.

வரைபடத்தின் ஒரு கோடு எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்குப் பாசுமதி அரிசியே சான்று. வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் 2008இல் அளித்த விண்ணப்பம் 2016இல்தான் பதிவாயிற்று. பஞ்சாப், அரியானா, இமாசலப் பிரதேசம், டெல்லி, உத்தராகண்ட் ஆகியவற்றோடு மேற்கு உத்தரப் பிரதேசம், ஜம்மு ஆகியவற்றின் சில பகுதிகளை மட்டுமே அவ்வரைபடம் உள்ளடக்கியது. தன் 13 மாவட்டங்களைச் சேர்க்கக் கோரிய மத்தியப் பிரதேசத்தின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் தள்ள, உச்ச நீதிமன்றம் 2021இல் அத்தீர்ப்பை நீக்கி வழக்கை மீண்டும் விசாரிக்கச் சொல்லிற்று. மாறாக, மதுரை மல்லியின் எல்லை நகரத்தோடு நில்லாமல் அண்டை மாவட்டங்களையும் தொட்டுச் செல்கிறது. பெயர் ஓர் ஊருக்கும் விளைச்சல் பல ஊர்களுக்கும் உரியதாக இருப்பதைச் சட்டம் தடுப்பதில்லை.

விண்ணப்பம் வல்லுநர் குழுவின் ஆய்வைக் கடந்த பின், புவிசார் குறியீட்டு இதழில் வெளியிடப்படும். வெளியான நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள், நீட்டிப்புப் பெற்றால் மேலும் ஒரு மாதத்துக்குள், எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் இல்லையெனில் பதிவு கிடைக்கும், அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும், தொடர்ந்து புதுப்பிக்கத்தக்கது. வணிகச் சின்னத்தைப் போல இதை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. மேற்கு வங்கத்தின் ரசகுல்லா 2017இலும் ஒடிசாவின் ரசகோலா 2019இலும் தனித்தனியே பதிவாயின என்பதைக் காண்போர், பெயர்ப் போரில் இருவரும் வெல்ல முடியும் என்பதை அறியலாம்.

இனி இவ்வுரையின் தலைப்புக்கு வரலாம். சட்டப்படி இப்பதிவேடு இரு பகுதிகளாக உள்ளது. முதற்பகுதியில் குறியீடும் அதன் பதிவுபெற்ற உரிமையாளரான சங்கமோ அரசு அமைப்போ இடம்பெறும். இரண்டாம் பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர், அதாவது அப்பொருளை உண்மையில் செய்து அப்பெயரைப் பயன்படுத்த உரிமை பெற்ற தனித்தனி உற்பத்தியாளரின் பெயர் ஏற்றப்படும். அப்பெயரைத் தம் பொருளுக்கு இடும் தனியுரிமையைச் சட்டம் தருவது இந்த இரண்டாம் பகுதிக்காரருக்கே. செய்தித்தாள்களில் இடம்பெறுவதும், விழா எடுக்கப்படுவதும், மாநிலங்கள் ஒன்றோடொன்று எண்ணிப் போட்டியிடுவதும் முதற்பகுதியை வைத்துத்தான். பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019இலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும் பதிவானபோது எழுந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் அடுத்த நாள் இரண்டாம் பகுதியில் எத்தனை பெயர் ஏறின என்று கேட்டவர் அரிது.

இதில் சட்டத்தின் சொல்லமைப்பும் கவனிக்கத்தக்கது. உற்பத்தியாளர் என்ற சொல்லுக்கு வரையறை தரும் பிரிவு, கைவினைப் பொருளைச் செய்பவரைக் குறிப்பிட்டுவிட்டு, அப்பொருளில் வணிகம் செய்பவரையும் அச்சொல்லுக்குள் சேர்த்துக்கொள்கிறது. கூலிக்கு நெய்யும் நெசவாளரும், அவருக்குப் பாவும் சரிகையும் கொடுத்துச் சேலையை வாங்கிச் செல்லும் முதலாளியும், நகரத்து ஜவுளிக்கடைக்காரரும் ஒரே சொல்லுக்குள் அடங்குவர். மூவரில் படிவம் நிரப்பத் தெரிந்தவரும் ஆள் வைத்து நிரப்பக்கூடியவரும் யாரென்பது சொல்லாமலே விளங்கும். வணிகரை விலக்க வேண்டும் என்பதன்று இங்கு சொல்லப்படுவது. சந்தைக்குப் பொருளைக் கொண்டுசெல்பவருக்கும் பெயரில் பங்குண்டு. ஆனால் தறியில் இருப்பவர் பட்டியலில் இல்லாமல், கடையில் இருப்பவர் மட்டும் இருக்கும் பதிவேடு, அச்சட்டம் எந்த நோக்கத்துக்காகப் பிறந்ததோ அதற்கு எதிராகவே பயன்படும். பதிவு பெற்றும் கூலி உயரவில்லையே என்று நெசவாளர் கேட்கும்போது, அக்குறையைச் சட்டத்தின் மேல் மட்டும் போடுவதற்கில்லை. அவர் பெயரே ஏறாத ஏட்டிலிருந்து அவருக்குப் பயன் வருவது எப்படி?

அயல்நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இப்பதிவு இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு முறைப்படி தனியே பதிய வேண்டும். டார்ஜிலிங் தேயிலை 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் காப்புப் பெற்றது, அதன் பின்னால் தேயிலை வாரியத்தின் நிதியும் நீண்டகால வழக்காடும் அனுபவமும் இருந்தமையால்தான். பவானி ஜமுக்காளத்துக்கோ பத்தமடைப் பாய்க்கோ அத்தகைய பின்பலம் இல்லை. உள்நாட்டுக் கடைத்தெருவில் போலியைத் தடுப்பதே அவற்றுக்கு முதல் தேவை, அதற்கும் சோதனை அமைப்பு பெயரளவில் இல்லாமல் கடைக்குப் போய்ச் சரக்கைப் புரட்டிப் பார்ப்பதாக இருக்க வேண்டும்.

கருத்தரங்கில் கட்டுரை படிக்க வந்திருக்கும் ஆய்வாளர்கள் ஒன்றைச் செய்தால் போதும் என்று இத்தலைமை உரை வேண்டிக்கொள்கிறது. எந்தப் பொருளைப் பற்றி எழுதினாலும், அது பதிவான ஆண்டைக் குறிப்பதோடு நிறுத்தாமல், பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் இன்றுள்ள பெயர்களின் எண்ணிக்கையையும், அவற்றுள் செய்பவர் எத்தனை, விற்பவர் எத்தனை என்பதையும் எடுத்தெழுத வேண்டும். களப்பணிக்குச் செல்லும்போது கையில் விண்ணப்பப் படிவத்தையும் கொண்டுசென்று, நிரப்பத் தெரியாதவருக்கு நிரப்பித் தரவும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக விண்ணப்பிக்கும் கட்டணம் முன்பு 500 ரூபாயாக இருந்தது. 2020இல் அது 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டுவிட்டது.