குடியை விட்டவருக்குச் சோறும் மருந்துதான்



நாங்கள் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கத்து ஆக்கள். உங்களுக்குத் தேயிலை மலை. எங்களுக்குக் கடலும் பனையும். இங்கே கசிப்பு, அங்கே கள்ளும் சாராயமும். ஆனால் குடி புகுந்த வீட்டில் அடுப்பு அணைகிற கதை ரெண்டு இடத்திலும் ஒண்டுதான். குடியை விட்ட மனிசனுக்கு என்ன சாப்பாடு குடுக்கலாம் என்று இன்றைக்குப் பேசுவோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பல வருசம் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. நெடுந்தீவில் இரவில் வலிப்பு வந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் கடல் கடக்க வேண்டும். உங்களுக்கு மலைப்பாதை. ஆகவே நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கோ.

குடிக்கிறவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் விற்றமின் பி1 என்ற சத்தை உடம்பு எடுக்க மதுசாரம் விடாது. அந்தச் சத்து மிகவும் குறைந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவு குழம்பும். குடியை விட்ட நாலாம் நாள் மனிசன் தள்ளாடினால், "களவாய்க் குடிச்சிட்டு வந்திட்டியோ?" எண்டு ஏசாதேங்கோ. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. அதற்கு ஊசி இருக்கிறது. சுணங்கினால் ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம்.

இனிச் சாப்பாடு. மெலிந்து போனவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் குடுப்பதும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்தாறு தரம் குடுங்கோ. கஞ்சி, அவித்த பயறு, முட்டை, மீன் நல்லது. பச்சையரிசியை விடப் புழுங்கலரிசி மேல். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடும்.

எங்கள் பக்கத்தில் ஒடியல் கூழ் காய்ச்சுவோம். மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரே பானைக்குள். உங்களிடம் ஒடியல் இல்லாவிட்டால் என்ன? குரக்கன் மாவு, பருப்பு, நெத்தலிக் கருவாடு, கீரை போதும். வயிறு ஆறும்வரை உறைப்பைக் குறையுங்கோ.

வேலை முடிந்து வருகிற நேரம்தான் கண்டம். பசியும் குடி ஆசையும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வெறும் தேத்தண்ணியோடு விடாமல் அவித்த கடலை, கச்சான், ரொட்டி ஏதாவது உடனே குடுங்கோ. சத்துக்கு என்று அரிஷ்டம் வாங்கிக் குடுக்க வேண்டாம். அதிலும் மதுசாரம் உண்டு.

பனையில் இறக்குவது கள்ளாவதும் கருப்பநீராவதும் முட்டியில் பூசுகிற சுண்ணாம்பைப் பொறுத்தது. அந்தச் சுண்ணாம்பு போலத்தான் நேரத்துக்குக் கிடைக்கிற சாப்பாடும்.

அவர் மறுபடி ஒருநாள் தவறினாலும் கோபத்தில் சோற்றை நிறுத்தாதேங்கோ. அவருக்கெண்டு தனிச்சமையலும் வேண்டாம். கசிப்புக்குப் போன காசு முட்டையாகவும் பருப்பாகவும் வீட்டுக்கு வரட்டும். கடைசியில் சாப்பிடுகிற தாய்க்கும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருக்கட்டும்.